நல்ல மனுசன்தான், சுத்தி இருக்கிறதுகள் சரியில்லை

எங்கள் குடும்பத்தில் நாட்டுத் தலைவர்களை விசாரிக்க இரண்டு நீதிமன்றங்கள் இருந்தன. ஒன்று கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பெரியப்பா வீட்டு விறாந்தையில் கூடியது. மற்றது கொட்டாஞ்சேனையில், எங்கள் வாடகை வீட்டு முன்னறையில், அங்கேயே குடியிருந்த மாமாவின் சாய்மனைக் கதிரையில் கூடியது. வெள்ளவத்தை யூ.என்.பி. கொட்டாஞ்சேனை இடதுசாரிச் சமசமாஜம். 1970களின் தொடக்கம். எனக்குப் பத்து வயதிருக்கும். சனிக்கிழமைகளில் அம்மா கட்டித் தரும் பலகாரத்தோடு பஸ் ஏறி இரண்டுக்கும் இடையில் போய்வந்தவன் நான் என்பதால் மேன்முறையீடுகளும் என் மூலமாகவே நடந்தன. "உன்ர மாமனிட்டச் சொல்லு" என்று பெரியப்பா அனுப்புவார். "உன்ர பெரியப்பரிட்டக் கேள்" என்று மாமா திருப்பி அனுப்புவார். நேரில் சந்தித்தால் இருவரும் காலநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

பெரியப்பா திறைசேரியில் கிளாக்கராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். வெள்ளைக்காரத் துரைகளுக்குக் கீழே சில வருடம் வேலை செய்திருக்கிறார். அந்தச் சில வருடங்கள்தான் அவருடைய அரசியல் தத்துவம். ஒரு தலைவரை எடைபோட அவரிடம் கேள்விகள் தயாராக இருந்தன. எந்தப் பள்ளிக்கூடம்? ஆருடைய பிள்ளை? இங்கிலீசு எப்படி? மேடையில் குரலை உயர்த்துகிறவரா? கொள்கை என்ன என்பது கடைசிக் கேள்வி; அது வருவதற்குள் பெரும்பாலும் தேத்தண்ணி வந்துவிடும். டட்லி சேனாநாயக்க அவருக்குத் தெய்வத்துக்கு அடுத்தபடி. 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலில் பொலிஸ் சுட்டு ஆட்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் டட்லி உடல்நலம் கெட்டுப் பிரதமர் பதவியை விட்டார். "வேற எவன் தானாக் கதிரையை விட்டவன்?" என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. சுட்டது ஆருடைய பொலிஸ் என்று மாமா கேட்டனுப்பினால், "பொலிஸ்காரன் அவசரப்பட்டிட்டான்" என்று பதில் வரும்.

டட்லியின் தகப்பன் டி.எஸ். சேனாநாயக்கவின் அரசு 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியதே என்று கேட்டால், பெரியப்பாவின் குரல் கொஞ்சம் தாழும். "ஜி.ஜி. பொன்னம்பலமே அதே வருசம் அந்த மந்திரிசபைக்குப் போனவர். அவருக்குத் தெரியாததே எனக்குத் தெரியும்?" ஒரு பெரிய மனிதரின் செய்கையை இன்னொரு பெரிய மனிதரின் செய்கையால் மூடிவிட்டால் வெள்ளவத்தையில் வழக்கு முடிந்தது.

மாமா துறைமுகத்தில் கிளாக்கர், தொழிற்சங்கத்தில் பொருளாளர். தலைவர்களின் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்பார். ஆனாலும் என்.எம். பெரேரா லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் இரண்டு கலாநிதிப் பட்டங்கள் வாங்கியவர், ஹரல்ட் லாஸ்கியின் மாணவர் என்பதைச் சொல்லாமல் அவர் எந்த விவாதத்தையும் முடித்ததில்லை. கொல்வின் ஆர். டி சில்வா மீது அவருக்கு இருந்தது பக்தி. 1933இல் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர். 1947இல் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, மொழி ஒன்றானால் நாடு இரண்டாகும், மொழி இரண்டானால் நாடு ஒன்றாக இருக்கும் என்று சபையில் எச்சரித்தவர். "உன்ர பெரியப்பர் குடியிருக்கிற வெள்ளவத்தைக்கே எங்கட ஆள்தான் குரல் குடுத்தவர், கேட்டுப் பார்" என்பார் மாமா. கேட்டேன். "நெசவாலைக்குத்தான் குடுத்தவர், இந்த ஒழுங்கைக்கு இல்லை" என்றார் பெரியப்பா.

மாமாவின் நீதிமன்றத்தில் ஆள் முக்கியமில்லை, நோக்கம் முக்கியம். அறிக்கை சரியாக இருந்தால் அதைச் செய்கிறவரின் கை வழுக்கலாம். வழுக்கியது. 1964இல் சமசமாஜக் கட்சி பிரதமர் சிறிமாவோ அம்மையாரோடு கூட்டுச் சேர்ந்தது. 1965இல் டட்லி தமிழரசுக் கட்சியின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்து, அடுத்த ஆண்டு தமிழ் மொழிப் பாவனைக்கு ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தார். 1966 ஜனவரி 8ஆம் தேதி அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் இடதுசாரிகளும் இருந்தார்கள். டட்லியின் வயிற்றுக்குள்ளே மசாலா வடை என்று சிங்களத்தில் எதுகை போட்ட கோஷம் அக்கால ஊர்வலங்களில் பேர்போனது. எனக்கு அப்போது நாலு வயது; பின்னாளில் மாமா அதை எனக்கு விளக்கினார். "அது வடைக்கு எதிரான கோஷம் இல்லையடா. யூ.என்.பி.யின்ர சந்தர்ப்பவாதத்துக்கு எதிரானது." இந்த விளக்கத்தை வெள்ளவத்தைக்கு எடுத்துப் போனேன். பெரியப்பா வெகுநேரம் யோசித்தார். "அப்ப பாண் எண்டு சொல்லியிருக்கலாமே. ஏன் வடை?" கொட்டாஞ்சேனையிடம் அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பிறகு 1972 மே 22. குடியரசு அரசியலமைப்பு. அதை வரைந்த அரசியலமைப்பு விவகார அமைச்சர் அதே கொல்வின். சிங்களம் அரசகரும மொழியாக அரசியலமைப்பிலேயே ஏறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம். சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவு காணாமல் போனது. 1956இல் பேசிய வாயும் 1972இல் எழுதிய கையும் ஒரே மனிதருடையவை. மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவா. மூன்றாம் நாள் அவருக்குக் காரணம் கிடைத்தது. "வெள்ளைக்கார ராணியின்ர முடியைக் கழட்டியாச்சு. ஏகாதிபத்தியம்தான் முதல் எதிரி. மொழிப் பிரச்சினை பிறகு தானா அவிழும். கொல்வின் நல்ல மனுசன், சுத்தி இருக்கிறதுகள் சரியில்லை."

இந்தக் கடைசி வசனத்தைக் கவனித்து வையுங்கள்.

அடுத்த வருடம் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. வீடமைப்பு அமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். பெரியம்மாவுக்குச் சீதனமாக வந்த வாடகை வீடுகள் கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசையாக இருந்தன. வரம்புக்கு மேற்பட்டவை அரசிடம் போயின. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே நாகரிகம் என்று எனக்குச் சொல்லித் தந்த பெரியப்பா அந்த ஒரு சட்டத்தை மட்டும் "களவு" என்றார். மாமாவோ, வாடகைச் சட்டத்தின் தயவில் எங்கள் வீட்டுக்காரர் வருடக்கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாமல் இருந்ததை வரலாற்றின் இயக்கவிதி என்றார். தத்துவத்துக்கு அடியில் வாடகைச் சிட்டை கிடப்பதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களோடு வந்தார். வெள்ளவத்தை விறாந்தையில் கேக் வெட்டினார்கள். தேர்தல் முடிந்து ஒரு மாதமாகவில்லை, தமிழர்களுக்கு அடி விழுந்தது. கேக்கைப் பற்றி எவரும் பிறகு பேசவில்லை. அடுத்த ஆண்டு நிறைவேற்று ஜனாதிபதி முறை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். மாமா இழக்கவில்லை. காலமெல்லாம் வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டியவர் அந்த நாட்களில் வயிற்றுப்போக்கில் படுத்திருந்தார். மருத்துவச் சான்றிதழ் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் இன்றும் பேச்சை மாற்றுவார்.

அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரின் குடியுரிமைகளை ஏழு வருடத்துக்குப் பறித்தார்கள். அதிகாரத் துஷ்பிரயோகம் என்று விசேட ஜனாதிபதி ஆணைக்குழு கண்டது. வெள்ளவத்தை சொன்னது: "சட்டம் சட்டம்தான். பெரிய ஆள் எண்டு விடேலாது." கொட்டாஞ்சேனை சொன்னது: "இது பழிவாங்கல். அடுத்த தேர்தலில ஆள் நிக்கக்கூடாது எண்டு செய்யிற வேலை." இந்த இரண்டு வசனங்களுக்கும் பின்னால் வேலை இருக்கிறது.

1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு: பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்ட விளக்குச் சின்னம், வேண்டாமென்றால் குடம். பெரியப்பா விளக்குக்குப் போட்டார். தேர்தல் வைத்தால் செலவாம்.

ஏழு மாதம் கழித்து, 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, அவருடைய வீடு எரிந்தது. வெள்ளவத்தையில் தமிழர் வீடு எது, கடை எது என்று பட்டியலோடு வந்தவர்கள் எரித்தார்கள். மதில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து இரத்மலானை விமான நிலைய முகாமுக்குக் குடும்பம் போய்ச் சேர்ந்தது. கையில் ஒரு தோல் பை. அதற்குள் காணி உறுதியும் ஓய்வூதியக் கடிதமும். விமானக் கொட்டகைச் சீமெந்துத் தரையில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே சால்வையை விரித்து உட்கார்ந்துகொண்டு, அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "ஜனாதிபதிக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கும். அவர் நல்ல மனுசன். சுத்தி இருக்கிறதுகள் சரியில்லை."

யாழ்ப்பாணத்து மக்களின் கருத்தைப் பற்றித் தனக்கு இப்போது கவலையில்லை என்று ஜே.ஆர். அந்த மாதம்தான் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். பத்திரிகைக்காரன் திரித்திருப்பான் என்றார் பெரியப்பா. 28ஆம் தேதி ஜனாதிபதி பேசுகிறார் என்றதும் முகாமில் ஒரு றேடியோவைச் சுற்றி ஆட்கள் குவிந்தார்கள். செத்தவர்களுக்காக, எரிந்த வீடுகளுக்காக ஒரு சொல் வரவில்லை. சிங்கள மக்களின் குறையைத் தீர்க்கச் சட்டம் வரும் என்று வந்தது. பெரியப்பா றேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டொரு நாளில் அவருக்கு ஆறுதல் கிடைத்தது: இதெல்லாம் இடதுசாரிச் சதி என்று சொல்லி அரசு ஜே.வி.பி.யையும் கம்யூனிஸ்ட் கட்சியையும் நவ சமசமாஜக் கட்சியையும் தடை செய்தது. "பாத்தியே, நான் சொன்னனே" என்று என்னிடம் தலையாட்டினார். கொட்டாஞ்சேனையில் ஒரு அலுமாரிக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளிந்திருந்த மாமாவை அதன்பின் பல மாதம் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். வீட்டை எரித்தவர்களை விட்டுவிட்டு, எரிபட வேண்டியிருந்த இன்னொருவரோடு கோபம். (அன்று தடைபட்டுத் தலைமறைவான அந்த ஜே.வி.பி.தான் இன்று நாட்டை ஆள்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.)

கப்பலில் காங்கேசன்துறை போனவர், இரண்டு வருடத்தில் திரும்பி வந்து வீட்டைக் கட்டினார். 1988இல் மறுபடியும் யூ.என்.பி.க்கே போட்டார். இந்த முறை வேட்பாளர் ரணசிங்க பிரேமதாச, பெரியப்பாவின் "ஆருடைய பிள்ளை?" என்ற கேள்வியிலேயே பெயில் ஆகிறவர். கொஞ்சம் கஷ்டப்பட்டார். பிறகு, விடியக்காலை நாலு மணிக்கு எழும்புகிற மனுசன் என்று ஒரு தகுதியைக் கண்டுபிடித்தார்.

மாமாவின் முறை 1994இல் வந்தது. சந்திரிகா குமாரதுங்க 62 வீத வாக்கோடு வென்றார். தமிழர் பகுதிகளில் அதைவிடக் கூட. யாழ்ப்பாணத்தில் சந்திரிகா காப்பு என்று வளையல் விற்பதாகக் கதை வந்தது. பதினேழு வருடம் சிரிக்காத மாமா சிரித்தார். 1995 ஏப்ரலில் புலிகளோடு நடந்த பேச்சு முறிந்து போர் தொடங்கியது. "சமாதானத்துக்கான யுத்தம்" என்று அதற்குப் பேர் வைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து தெருவில் நின்றது. மாமா என்ன சொன்னார் என்று நான் எழுதத்தான் வேண்டுமா? "அவ நல்ல மனுசி…"

ஜொனதன் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2012இல் எழுதிய புத்தகம் ஒன்றில் பழமைவாதிகளையும் லிபரல்களையும் பிரித்துக் காட்டுகிறார். லிபரல்கள் பெரும்பாலும் பிறர் துன்பம், நியாயம் என்ற இரண்டை வைத்தே அளக்கிறார்களாம். பழமைவாதிகள் அவற்றோடு விசுவாசம், அதிகாரத்துக்கு மரியாதை, புனிதம் ஆகியவற்றையும் தராசில் போடுகிறார்களாம். வாசித்தபோது பெரியப்பாவும் மாமாவும் எழுந்து நின்றார்கள். ஆனால் தராசு எப்போது வெளியே எடுக்கப்படுகிறது என்பதுதான் எங்கள் வீட்டில் நான் பார்த்தது. அமெரிக்காவிலேயே ஒரு கணக்கு உண்டு: சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப்பதவியில் நேர்மையாக இருக்க முடியும் என்று 2011இல் வெள்ளை இவஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 வீதம் பேர்தான் சொன்னார்கள், 2016இல், ட்ரம்ப் வேட்பாளரானபின், 72 வீதம். எங்கள் பெரியப்பாவுக்கு ஐந்து வருடம்கூடத் தேவைப்படவில்லை, ஒரு வார முகாம் போதும். அவர் பழியைக் கீழே இருப்பவர்களிடம் தள்ளுவார், கதிரை சுத்தமாக இருக்கும். மாமா பழியைச் சூழ்நிலையிடம் தள்ளுவார், கொள்கை சுத்தமாக இருக்கும். தலைவரை அவர் பதவியில் இருக்கும்போதே கூண்டில் ஏற்றிய நாளொன்று இரண்டு நீதிமன்றத்திலும் இருந்ததில்லை; எதிர்த் தரப்புத் தலைவராக இருந்தால் தவிர.

இன்னொரு அதிகாரம் இருந்தது. அதைப் பற்றி வெள்ளவத்தையில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினார்கள். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் பெரியப்பா யாழ்ப்பாணம் போய்வந்தார். வன்னியில் அவர் போன வானை விடுதலைப் புலிகளின் பொலிஸ் மறித்து, வேகத்துக்குக் குற்றப்பணம் வாங்கி, பற்றுச்சீட்டுக் கொடுத்தது. சாரதி கொடுத்த காசுக்கு வந்த அந்தச் சீட்டைப் பெரியப்பா கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, கொழும்பு வரை கொண்டுவந்தார். "கையில காசு வாங்கேல்லை. சேர் எண்டு கதைச்சவங்கள். இதுதான் நிருவாகம்." வாழ்க்கை முழுவதும் யூ.என்.பி.க்குப் போட்ட மனிதர், தனக்கு வாக்குக் கேட்காத ஒரு அதிகாரத்தை ஒரு துண்டுக் கடுதாசிக்காக மெச்சினார். வரியைப் பற்றிக் கேட்டால், மாற்றுக் கருத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டால், "ஒழுங்கு எண்டால் அப்பிடித்தான்" என்றார். 2004இல் போய்ச் சேர்ந்தார். அந்தச் சீட்டு அவருடைய வங்கிப் புத்தகத்துக்குள் இருந்தது. பெரியப்பாவின் மகளான அக்கா எடுத்துக் கிழித்துவிட்டா. வீடு சோதனைக்கு வந்தால் அதற்குப் பற்றுச்சீட்டுக் கிடையாது.

மாமா அந்த விஷயத்தில் இன்னும் மோசம். கேள்வி கேட்பதே தொழில் என்று இருந்தவர். 1999 ஜூலையில் நீலன் திருச்செல்வத்தைக் கின்சி டெரஸில் புலிகளின் தற்கொலைக் குண்டு கொன்றபோது, அந்த மனிதரின் அரசியல் தீர்வு யோசனைகளை வரிக்கு வரி பாராட்டி வந்த மாமா, "இப்ப சொல்லுற நேரமில்லை" என்று மட்டும் சொன்னார். ஐந்து மாதம் கழித்து, 2000 ஜனவரி 5ஆம் தேதி, தமிழ் அரசியல்வாதி குமார் பொன்னம்பலத்தை வெள்ளவத்தையிலேயே சுட்டார்கள். சுட்டவர் வேறு பக்கம் என்பதால் அப்போது சொல்ல நேரமிருந்தது. ஒரு மணித்தியாலம் சொன்னார்.

பெரியப்பா பார்க்காத காலம் ஒன்று பிறகு வந்தது. 2006, 2007இல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளை வான் ஓடியது. பொலிஸ் பதிவு ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது: குடும்பத் தலைவர், இருப்பவர்கள், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, கொழும்பில் இருப்பதற்குக் காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை வீடுகளில் பேனா நின்றிருக்கும். அக்கா தகப்பனின் திறைசேரிக் கையெழுத்து அப்படியே வாய்த்தவ. பெரிய எழுத்தில், வெட்டுக்குத்து இல்லாமல் நிரப்பி, பிரதி எடுத்து, பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டா. காரணம் என்ற இடத்தில் "பிறந்து வளர்ந்தது" என்று எழுதினா. கொட்டாஞ்சேனையில் மாமா, தனி மனித சுதந்திரத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசிவிட்டு, அதே படிவத்தை அதைவிடத் துப்புரவாக நிரப்பினார். உறையும் போட்டார். சுதந்திரத்தைப் பற்றிய பேச்சு எங்களுக்கு, படிவம் அவர்களுக்கு.

2007 ஜூன் 7 விடியமுன் லொட்ஜுகளைத் தட்டினார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை. வெளிநாட்டு விசாவுக்கு, வைத்தியத்துக்கு, வேலைக்கு வந்து தங்கியிருந்த 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அக்கா "கோட்டு இருக்குதுதானே, இன்னும் நாடு கெடேல்லை" என்றா. மாமா "கோட்டுக்குப் போனது ஆர்? சிவில் அமைப்புகள்தானே" என்றார். பஸ்ஸில் போனவர்களைப் பற்றிப் பேச இருவருக்கும் அதற்குமேல் நேரம் இருக்கவில்லை. 2008 புத்தாண்டன்று கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் வைத்து யூ.என்.பி. எம்.பி. மகேஸ்வரனைச் சுட்டபோது பேசுவதற்கு வேறு விஷயம் வந்துவிட்டது. 2010இல் போரை நடத்தி முடித்த இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு, அதே போரை நடத்திய ஜனாதிபதியை வீழ்த்துவதற்காக, இரண்டு நீதிமன்றங்களும் ஏகமனதாக வாக்களித்தன. ஏகமனதான தீர்ப்பு எங்கள் குடும்ப வரலாற்றில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இனி இன்றைய கதை. எரிந்து, திரும்பக் கட்டிய வீடு இப்போது தொடர்மாடி. அக்கா ஆறாம் மாடியில் இருக்கிறா, கடல் தெரியும். மாமாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, அதே கொட்டாஞ்சேனை, முழங்கால்தான் விட்டுக்கொடுக்கிறது. தூது போக நான் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் நேரடியாகப் பறக்கின்றன. பிரதி எனக்கும் வருகிறது.

2022இல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு "கோட்டா வீட்டுக்குப் போ" என்றார்கள். அக்காவின் மகன் அங்கே இருந்தான். ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்து நீச்சல் தடாகத்தில் குளித்தது. 13ஆம் தேதி ஜனாதிபதி கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தார். ஒழுங்கு, மரியாதை என்று வளர்ந்த அக்கா, மகன் அனுப்பிய தடாகப் படத்தைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்தா. மாமா குரல் பதிவு அனுப்பினார்: "இது சரியில்லை, பிள்ளை. அரச சொத்து. அமைப்பு இல்லாத போராட்டம் அராஜகம்." புரட்சிக்காக ஐம்பது வருடம் காத்திருந்தவர், அது வந்தபோது அனுமதிச் சீட்டுக் கேட்டார். 20ஆம் தேதி ரணில் விக்கிரமசிங்க 134 எம்.பி.க்களின் வாக்கில் ஜனாதிபதியானார். 22ஆம் தேதி விடியமுன் படை வந்து கூடாரங்களைப் பிய்த்தது. இப்போது அக்காவின் முறை: "எங்கையாவது ஒரு இடத்தில நிப்பாட்டத்தானே வேணும்." முகப்புப் படம் மாறிப் பிள்ளையார் வந்தார்.

2024இல் ஜே.வி.பி.யின் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம்; யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட ஆறில் மூன்று. மாமா காலையிலேயே அழைத்தார், குரல் நடுங்கியது. நான் வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் சிலதைக் கேட்டேன். 1971 காலத்தில் ஜே.வி.பி. வகுப்பெடுத்த இந்திய விஸ்தரிப்புவாதம்? சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பை 2005இல் எதிர்த்தது? வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு 2006இல் வென்றது? 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதினார்கள், நீக்குவார்களா? "அவர் மாறிவிட்டார், தம்பி. நல்ல மனுசன்…" என்று தொடங்கினார். மிச்சத்தை நான் சொல்லி முடித்தேன். மாமா சிரிக்கவில்லை.

அக்காவின் குரல் பதிவில் வேறு குறை. "தம்புத்தேகமவில படிச்சவராம். படிச்சது களனியில எண்டாலும் பரவாயில்லை, இங்கிலீசு…" பெரியப்பா உயிரோடு இருக்கிறார்.

2025 ஓகஸ்ட் 22இல் ரணிலைக் கைது செய்தார்கள். 2023இல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மனைவிக்கு நடந்த கௌரவிப்பு நிகழ்வுக்காகப் போன தனிப்பட்ட பயணத்துக்கு அரச பணம் செலவானது என்பது குற்றச்சாட்டு. விளக்கமறியல், பின் ஆஸ்பத்திரி, 26ஆம் தேதி பிணை. அந்த நாலு நாளும் எனக்கு நித்திரை இல்லை, அவ்வளவு குரல் பதிவு. அக்கா: "இது பழிவாங்கல். ஆறு தரம் பிரதமரா இருந்த மனுசன். றோயல் கொலிஜ். அடுத்த தேர்தலில ஆள் நிக்கக்கூடாது எண்டு செய்யிற வேலை." மாமா: "சட்டம் சட்டம்தான், பிள்ளை. பெரிய ஆள் எண்டு விடேலாது." வசனத்தை வசனமாக, நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, கை மாற்றியிருந்தார்கள். 1980ஐ இருவருக்கும் நினைவூட்டி ஒரு பதிவு அனுப்பினேன். இருவரிடமிருந்தும் ஒரே நிமிடத்தில் ஒரே பதில் வந்தது: "அது வேற."

அந்த வருட மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் கொழும்பு மாநகர சபையிலும் 117இல் 48 ஆசனத்தோடு தேசிய மக்கள் சக்திதான் முதலாவது. அக்கா இருக்கும் ஒழுங்கைக்கு இன்னொரு தெருவிளக்கு இருந்தால் நல்லது என்று நீண்டநாள் ஆசை. "மாமா, உங்கட ஆக்கள்தானே இப்ப. ஒரு கடிதம் எழுதித் தாங்கோ." போன ஞாயிறு மாமாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போனேன். மாமா சொல்ல நான் கணினியில் அடித்தேன். "கௌரவ உறுப்பினர் அவர்கட்கு, தங்கள் மேலான சமுகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்…"

அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. "மாமா, நீங்கள் தோழர் எண்டு தொடங்குவியள் எண்டெல்லோ நினைச்சன்."

"அதிகாரத்தில இருக்கிறவைக்கு மரியாதையா எழுதினால்தான் அலுவல் நடக்கும், பிள்ளை."

"என்ன மரியாதை? வரி கட்டுறம். உரிமையோட கேளுங்கோ. இல்லாட்டி இவங்கள் தலையில ஏறிவிடுவாங்கள்."

ஒன்றரை மணித்தியாலம் போனது. முதல் பந்தியில் அக்காவின் உரிமையையும் கடைசிப் பந்தியில் மாமாவின் பணிவையும் போட்டு ஒருமாதிரிச் சமாளித்தேன். கையெழுத்துப் பகுதியில் தன் பெயருக்குக் கீழே "இளைப்பாறிய தொழிற்சங்கப் பொருளாளர்" என்று போடச் சொன்னார் மாமா. அப்படியென்றால் தன் பெயருக்குக் கீழே "முன்னாள் திறைசேரி உத்தியோகத்தரின் மகள்" என்று போடவேணும் என்றா அக்கா.